முதல் தட்டை விட்டுவிடுங்கள்: வன்னியில் ஒரு ரெகே பாட்டுக் கட்டுவது எப்படி

பரந்தனில் சவுண்ட் சேர்விஸ் வைத்திருக்கிறேன். கோயில் திருவிழா, சாமத்தியவீடு, அந்தியேட்டி, மே தினக் கூட்டம் என்று எதற்கும் பொக்ஸ் ஏற்றிப் போவேன். வேலை இல்லாத மாரி நாட்களில் பழுதான அம்பிளிபயர்களைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பேன். பேஸ் கிற்றாரும் வாசிப்பேன் என்பதால் கடைக்கு வருகிற பெடியள், "அண்ணை, எங்கட பிரச்சினையை வைச்சு ஒரு ரெகே பாட்டு அடிப்பமோ?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். சுருதி பிடித்துப் பாடக்கூடிய ஒருவர், ஒரு பழைய கீபோர்ட், ஒரு பேஸ், தட்டுவதற்கு ஏதாவது ஒன்று. இவ்வளவும் இருந்தால் தொடங்கலாம்.

ரெகே என்பது கரீபியன் தீவான ஜமெய்க்காவில் பிறந்த இசை. முதலில், ஓட்டோக்களின் பின்கண்ணாடியில் ஒட்டியிருக்கிற ரெகேப் பாடகர் பொப் மார்லியை மறந்துவிடுங்கள். சடைமுடியாலும் புகையாலும் பச்சை மஞ்சள் சிவப்புத் தொப்பியாலும் பாட்டு வராது. மார்லி 1945இல் ஜமெய்க்காவின் ஒரு மலைக்கிராமத்தில் பிறந்து, கிங்ஸ்ரன் நகரின் மேற்குப் பக்கத்தில் ட்ரெஞ்ச் டவுன் என்ற ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவர். அங்கே இல்லாதவர்களுக்கு அடுப்பு மூட்டிச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தவர் வின்சென்ற் ஃபோர்ட். உலகம் முழுக்கப் பாடுகிற 'நோ வுமன் நோ க்ரை' பாட்டை எழுதியவர் என்று பதிவாகியிருப்பது அவருடைய பெயர்தான், மார்லியின் பெயர் அல்ல. ரெகேயை விளங்கிக்கொள்ள ஸ்டிக்கரை விட அந்த அடுப்படி உதவும்.

எங்கள் பக்கத்தில் துயரத்தைப் பாட இரண்டு வழிதான் கைவசம் இருக்கிறது. ஒன்று ஒப்பாரி. மற்றது அணிநடை. அணிநடையில் ஒவ்வொரு சுற்றின் முதல் தட்டிலும் கால் ஓங்கி விழும். ஒப்பாரிக்குத் தட்டே இல்லை, மூச்சுத்தான் கணக்கு. ரெகே இரண்டும் இல்லாத மூன்றாவது வழி. தாளம் இருக்கும், ஆனால் பெரும்பாலும் முதல் தட்டில் யாரும் ஓங்கி அடிக்க மாட்டார்கள். அந்த வெற்றிடத்தில்தான் கேட்கிறவர் தலை ஆட்டத் தொடங்குகிறார். தலை ஆடுகிறபோது சொல் உள்ளே போய்விடும். அதனால்தான் கடனைப் பற்றியும் சிறையைப் பற்றியும் கத்தாமல் சொல்ல இதை விட நல்ல வாகனம் எனக்குத் தெரியவில்லை.

எதைக் கேட்பது

யூடியூப்பில் கிடைக்கிறதை எல்லாம் கேட்க வேண்டாம். நாலைந்து பாட்டுப் போதும், ஆனால் ஒவ்வொன்றையும் ஒரு காரணத்துக்காகக் கேளுங்கள்.

டெஸ்மண்ட் டெக்கரின் 'இஸ்ரலைட்ஸ்' 1968இல் வந்தது, அடுத்த வருடம் இங்கிலாந்தில் முதலிடத்துக்குப் போனது. அதில் ஒரு கூலித் தொழிலாளி விடிய எழும்பி வேலைக்குப் போகிறான். சட்டை கிழிகிறது, மனைவி பிள்ளைகள் விட்டுப் போகிறார்கள். 'வறுமை' என்று பேச்சுக்கும் இல்லை. சட்டைதான் இருக்கிறது. இதைக் குறித்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

டூட்ஸ் ஹிபேர்ட் 1966இல் கஞ்சா வழக்கில் சிறைக்குப் போனவர். வெளியே வந்து 1968இல் 54-46 என்று ஒரு கைதி எண்ணையே பாட்டாக்கினார். கேட்டுப் பாருங்கள், அழுகை மருந்துக்கும் இல்லை. கலியாணவீட்டில் போட்டால் கிழவரும் எழும்பி ஆடுவார். மார்லியோடு தொடக்கத்திலிருந்து பாடிய பன்னி வெய்லரும் அதே மாதிரி வழக்கில் 1967இல் பிடிபட்டு ஒரு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். அந்த அனுபவத்தை வைத்து அவர் செய்த பாட்டு 1976இல் அவருடைய முதல் தனி அல்பத்தில் வந்தது. அது மெதுவானது, கசப்பானது. ஒரே சங்கதியை இரண்டு பேர் இரண்டு விதமாகச் செய்திருப்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.

கடைசியாக லிண்டன் க்வேசி ஜோன்சன். ஜமெய்க்காவில் பிறந்து பதினொரு வயதில் லண்டனுக்குப் போனவர். பாட மாட்டார், ரெகே இசைக்கு மேல் கவிதை சொல்வார். 1979இல் அவர் வெளியிட்ட ஒன்று, பிரிக்ஸ்ரன் சிறையிலிருந்து ஒரு மகன் தாய்க்கு எழுதுகிற கடிதம். முதலில் விலாசம், பிறகு "அன்புள்ள அம்மா", பிறகு நடந்தது. பஸ்சுக்காக நின்ற தம்பியைப் பொலிஸ் பிடித்து அடிக்கிறது, அண்ணன் குறுக்கே போகிறான், ஒரு பொலிஸ்காரர் இறந்துபோகிறார். சந்தேகத்தின் பேரில் தெருவில் நிற்கிறவரைப் பிடித்து அடைக்க அங்கே 1824ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பயன்பட்டது. அந்தப் பிரிவை 1981இல் நீக்கினார்கள். ஒரு பாட்டால் சட்டம் மாறியது என்று நான் சொல்லவில்லை. அதை எதிர்த்து ஊரே நின்றது, ஊரோடு அந்தக் கவிதையும் நின்றது.

கடிதம் என்ற அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிறைக்குக் கடிதம் எழுதாத தெரு வன்னியில் குறைவு.

தாளம்

தட்டு எண்ணிக் கொடுக்கிற மெட்ரோனோமை நிமிடத்துக்கு 140 தட்டில் வையுங்கள். ஃபோனிலேயே இலவசமாக இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள், அது ஒரு சுற்று. 140 என்றதும் வேகம் என்று நினைக்க வேண்டாம். பாட்டு அதில் பாதி வேகத்தில் நடப்பதாகத்தான் காதுக்குக் கேட்கும்.

இப்போது வாயால்:

(பேசாமல்) – சக் – தொம் – சக்
(பேசாமல்) – சக் – தொம் – சக்

'சக்' என்பது கிற்றாரும் கீபோர்டும். இரண்டாம், நான்காம் தட்டில் கோர்டை (சேர்ந்து ஒலிக்கிற சுரங்களை) அடித்தவுடனே விரலைத் தளர்த்தி ஓசையை நிறுத்துங்கள். 'தொம்' என்பது மூன்றாம் தட்டில் காலால் அடிக்கிற கிக் ட்ரம்மும் கையால் அடிக்கிற ஸ்னெயரும் சேர்ந்து விழுவது. முதலாம் தட்டில் ஹை-ஹற் என்கிற இரட்டைத் தாளத்தட்டு மட்டும் மெல்லப் போகலாம், மற்ற எல்லோரும் சும்மா இருக்க வேண்டும். இதற்கு ஒன் ட்ரொப் என்று பெயர். மார்லியின் ட்ரம்மர் கார்ல்டன் பரெட்டும் அவருடைய அண்ணன், பேஸ் வாசித்த அஸ்டன் பரெட்டும் இதை உலகத்துக்குப் பழக்கினார்கள்.

எங்கள் பெடியளுக்கு இதில்தான் கஷ்டம். தவிலோடும் பாண்ட் மேளத்தோடும் வளர்ந்த காது, சுற்றின் தொடக்கத்தில் ஒரு அடி கேட்டால்தான் நிம்மதி அடையும். சொல்லிக் கொடுத்துவிட்டுத் திரும்புவேன், ட்ரம்ஸ் தம்பி முதல் தட்டில் கிக்கைப் போட்டிருப்பான். சங்கீதம் படித்த தங்கச்சி யாராவது குழுவில் இருந்தால் அவவிடம் விடுங்கள். சமத்துக்கு, அதாவது தாளம் தொடங்குகிற இடத்துக்குப் பிறகு, அரை இடம் தள்ளி எடுக்கிற கீர்த்தனைகள் அவவுக்குப் பழக்கம். அனாகத எடுப்பு என்றால் உடனே பிடித்துவிடுவா. தாளத்தைக் கையில் போட்டுக்கொண்டு, சமத்தில் வாயை மூடுவது ஒன்றும் புதிய வித்தை இல்லை. ட்ரம்ஸ் தம்பிக்கு வேறு வழி இருக்கிறது: வலது காலை ஸ்டூலின் காலோடு ஒரு துண்டால் கட்டிவிட்டு, கையால் மட்டும் மூன்றாம் தட்டை அடிக்கச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் கால் அடங்கிவிடும்.

கீபோர்டில் ஸ்டைல் பட்டியலுக்குள் ரெகே என்று ஒன்று இருக்கும். அதைத் தொடவே வேண்டாம். அது எல்லா இடத்தையும் நிரப்பிவிடும், பாடுகிறவருக்கு மூச்சு விட இடம் இருக்காது. ஓர்கன் ஓசையை எடுத்து, வலது கையால் இரண்டிலும் நான்கிலும் கிற்றாரோடு சேர்ந்து அடியுங்கள். பழகிய பிறகு இடது கையால் தட்டுகளுக்கு இடைப்பட்ட அரைத் தட்டுகளில் மெல்லத் தொடலாம்.

ட்ரம்ஸ் இல்லையா? ரெகேக்கு முன்னாலேயே, சடைமுடி வளர்க்கிற ஜமெய்க்காவின் சமயக் குழுவினரான ரஸ்தபாரிகள் மூன்று கைமேளங்களை வைத்து மணிக்கணக்காகப் பாடி வழிபட்டவர்கள். பெரியது ஒன்று, நடுவில் நின்று தாளம் பிடிப்பது ஒன்று, மேலே விளையாடுவது ஒன்று. எங்களிடம் பறை இருக்கிறது. ஆனால் ஒரு கதை சொல்ல வேண்டும். பறையைச் செத்தவீட்டு வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு, மேடைக்கு மட்டும் 'தமிழர் கலை' என்று கூப்பிடுகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அடிக்கிற அண்ணைக்குக் கதிரையும் கொடுப்பதில்லை. ரஸ்தபாரிகளையும் ஜமெய்க்காவின் நல்ல குடும்பங்கள் அப்படித்தான் நடத்தின. 1963 ஏப்ரலில் மொன்ரேகோ பே நகருக்குப் பக்கத்தில் பொலிஸ்காரர் அவர்களை அள்ளிக்கொண்டு போய் அடித்தார்கள், அடைத்தார்கள், சடையை வெட்டினார்கள். அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2017இல். பறை அடிக்கிறவரைக் கூப்பிடுவதென்றால், பாட்டுக் கட்டுகிற முதல் நாளே கூப்பிட்டு, கிற்றார்காரனுக்குப் பக்கத்தில் இருத்தி, அவருக்கும் அதே சம்பளம் பேசுங்கள். இல்லையென்றால் பெட்டியைத் தட்டிச் சமாளியுங்கள்.

பேஸும் பொக்ஸும்

ரெகேயில் பாட்டுக்காரருக்கு அடுத்தபடியாகப் பேசுவது பேஸ். இது என்னுடைய தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

ஏ மைனர் கோர்டில் இரண்டு சுற்று, ஜி மேஜர் கோர்டில் இரண்டு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நடபைரவி ராகம் பழகிய குரல் இதில் வழுக்காமல் நிற்கும். முதல் சுற்றில் ஒன்றை விட்டு, இரண்டில் ஏ, மூன்றில் சி, நான்கில் ஈ. அடுத்த சுற்று முழுக்கப் பேசாமல் இருந்து, நான்கில் மட்டும் ஜி. கோர்ட் ஜிக்கு மாறியதும் இரண்டில் ஜி, மூன்றில் பி, நான்கில் டி. பிறகு மறுபடி பேசாமல் இருந்து, நான்கில் ஏ. இவ்வளவுதான். பாட்டு முடியும் வரை இதை மாற்ற வேண்டாம். விரல் துருதுருக்கும். பேசாமல் இருக்கிற அந்தச் சுற்றில் ஏதாவது போடச் சொல்லும். போடாதீர்கள், அந்தச் சுற்று பாடுகிறவருடையது.

பேஸ் கிற்றாரின் டோன் திருகையை முழுக்க மூடுங்கள். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தந்திகளுக்குக் கீழே பாத்திரம் கழுவுகிற ஸ்பொஞ்சில் ஒரு துண்டு வெட்டிச் செருகுங்கள். ஓசை தடித்து, குட்டையாக வரும்.

இனி, பனையில் கட்டுகிற ஹோர்ன். திருவிழாவுக்கு அது நல்லது, பாட்டு மூன்று கட்டைக்குக் கேட்கும். ஆனால் ஹோர்ன் பேசுவது மேல் ஓசையை மட்டும். பேஸ் கிற்றாரின் தடித்த தந்தி 41 ஹேர்ட்ஸ், ஹோர்னுக்குள் அது செத்துப்போகும். ஹோர்னில் ரெகே போட்டால் 'சக் சக்' மட்டும் கேட்கும், கேட்கிறவர்கள் இது என்ன பாட்டு என்று கேட்பார்கள். பதினைந்து இஞ்சி ஸ்பீக்கர் வைத்த பொக்ஸ் இரண்டு எடுங்கள். மேசைக்கு மேல் ஏற்றாமல் தரையில் வையுங்கள், பின்னால் கல்மதில் இருந்தால் இன்னும் நல்லது, கீழ் ஓசை கூடும். தகரக் கொட்டகையோடு சேர்த்து வைத்தால் தகரம்தான் பாடும். மிக்சரில் ட்ரெபிளைக் குறையுங்கள், பேஸை முழுக்கத் திருகிவிடாதீர்கள். ஜெனரேட்டரில் ஓடுகிற இடத்தில் அப்படித் திருகினால் அம்பிளிபயர் திணறும், ஸ்பீக்கர் கொயில் எரியும். எரிந்த கொயில்களை ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன்.

கிங்ஸ்ரனில் 1950களிலேயே எங்களைப் போலச் சவுண்ட் சேர்விஸ்காரர்கள்தான் இதற்கு அடித்தளம் போட்டார்கள். வாத்தியக்குழு பிடிக்கக் காசில்லாத சனத்துக்காகத் தெருவில் பெரிய பொக்ஸ்களை அடுக்கி இசைத்தட்டு ஓட்டினார்கள். கிங் டபி என்று ஒருவர், வானொலியும் அம்பிளிபயரும் திருத்துகிற மனிசன். மிக்சருக்கு முன்னால் உட்கார்ந்து, பதிவான பாட்டில் குரலைத் தூக்கி, பேஸையும் ட்ரம்மையும் மட்டும் விட்டு, எதிரொலி போட்டு, டப் என்ற புதிய இசையையே உண்டாக்கினார். சோல்டரிங் மணக்கிற கடையில் இருந்து இதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும்.

யாருடைய கதை

பெடியள் எழுதிக்கொண்டு வருகிற முதல் பாட்டில் எப்போதும் 'ஏழ்மை', 'அநீதி', 'விடியல்', 'சிறைக்கதவு உடையும்' என்று இருக்கும். அதை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, ஒரு ஆளைத் தேடிப் போகச் சொல்வேன். ஒரே ஒரு ஆள். அவருடைய ஒரு நாள்.

எங்கள் இடத்தில் வறுமையும் சிறையும் சந்திக்கிற இடங்களைப் பாருங்கள். இந்த நாட்டில் தண்டனை பெற்று உள்ளே போகிறவர்களில் பெரும்பகுதி, தண்டப்பணம் கட்டக் காசில்லாமல் போகிறவர்கள். கசிப்பு வழக்கு, சின்னக் கஞ்சா வழக்கு. காசுள்ளவன் கட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவான், இல்லாதவன் விளக்குமாறு பிடிப்பான். பிணை கிடைத்தாலும் பிணை நிற்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்குக் கிராம சேவகரின் கடிதம் வேண்டும், அன்றைய கூலியும் போகும். அப்புறம் கிழமைக் கடன். முற்றத்தில் கடன் வசூலிக்கிறவரின் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும், குழுவாகக் கடன் எடுத்த பெண்கள் எல்லோரும் ஒருத்திக்காக இருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் வீட்டு முற்றத்திலும் நின்றது. எந்தக் கொம்பனி என்று எழுதவில்லை, பாட்டிலும் எழுத வேண்டாம். பெயர் போட்டால் அது அந்தக் கொம்பனியின் பாட்டாகிவிடும், போடாவிட்டால் கேட்கிற ஒவ்வொருத்திக்கும் தன் முற்றம் தெரியும்.

பிறகு அரசியல் கைதிகள். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிக ஏற்பாடு என்று வந்தது, 1982இல் நிரந்தரமாகியது. சாதாரண வழக்கில் பொலிசுக்குக் கொடுத்த குற்ற ஒப்புதல் செல்லாது. இந்தச் சட்டத்தில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்தால் செல்லும். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வைத்தவர்கள் எத்தனை பேர். ஆனால் பாட்டில் சட்டத்தின் பெயரையோ பிரிவு எண்ணையோ போட வேண்டாம். அந்தத் தாளைப் போடுங்கள். டெக்கரின் சட்டை ஞாபகம் இருக்கிறதா, அதுதான்.

கதை தருகிறவரிடம் எழுதிய பிறகு திரும்பிப் போய், முழுப் பாட்டையும் வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்ற வரியைப் பேசாமல் வெட்டுங்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தால் லோயரிடமும் ஒருமுறை காட்டுவது நல்லது. ஊர், வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை போன்ற அடையாளங்களை மாற்றுங்கள்.

மாதிரிக்கு, நாங்கள் கட்டிய ஒன்று. ஒவ்வொரு வரியும் முதல் தட்டை விட்டு இரண்டாம் தட்டில் தொடங்கும்:

திங்கக்கிழமை ஒன்பது மணி
முத்தத்தில நிக்குது மோட்டச்சைக்கிள்
ஆட்டுக்குட்டியும் போன கிழமை வித்தாச்சு
இன்னொரு தவணை, இன்னொரு தவணை

அநுராதபுரம் பஸ் அஞ்சு மணிக்கு
மடியில சோத்துப் பார்சல், கையில துண்டு
ஐயா வரேல்லையாம், லோயர் சொல்லுறார்
இன்னொரு தவணை, இன்னொரு தவணை

கடைசி வரி இரண்டு இடத்திலும் ஒன்றுதான், முதலில் கடன் தவணை, பிறகு வழக்குத் தவணை. மெட்டும் ஒன்றுதான். குரலை மட்டும் இரண்டாம் முறை இறக்கச் சொன்னேன். முதல் பந்தியில் பாடுகிறவள் கோபமாக இருக்கிறாள், இரண்டாவதில் களைத்துப்போயிருக்கிறாள். அதைச் சொல்லால் விளக்க வேண்டியதில்லை. சோற்றுப் பார்சல் என்று வருகிற வரியில் முதலில் 'கண்ணீர்' இருந்தது. எழுதிய தங்கச்சி தானே வெட்டிவிட்டு, "அம்மா பஸ்ஸில அழமாட்டா அண்ணை, பார்சல் ஊத்திப்போகும் எண்டு பிடிச்சுக்கொண்டு இருப்பா" என்றாள். அவளுக்கு நான் சொல்லிக் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பாபிலோன் வேண்டாம், மதுரை இருக்கிறது

ரஸ்தபாரிகள் அடிமையாகக் கொண்டுவரப்பட்ட தங்கள் கதையை விவிலியத்துக்குள் வைத்துச் சொன்னார்கள். பாபிலோன் என்றால் பொலிஸ், நீதிமன்றம், காலனி, எல்லாமும். 1970இல் மெலடியன்ஸ் குழு பாடிய 'ரிவர்ஸ் ஒஃப் பாபிலோன்' 137ஆம் சங்கீதத்திலிருந்து வந்தது. மடு மாதா கோயிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தச் சங்கீதம் தெரிந்திருக்கும், ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஊரை நினைத்து அழுகிறவர்களின் பாட்டு. அவர்களுக்கு அதை அப்படியே எடுத்தாளலாம்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது: பாபிலோனை இரவல் வாங்காதீர்கள். ஒரு தட்டானின் சொல்லை நம்பி, விசாரணை இல்லாமல், கையில் ஒற்றைச் சிலம்போடு நின்ற ஒருவனை வெட்டிய அரசன் எங்கள் கதையில் இருக்கிறான். "தேரா மன்னா" என்று அவன் முகத்துக்கு நேரே சொன்ன பெண், மதுரையை எரித்துவிட்டு வந்து நந்திக்கடல் ஓரம் வற்றாப்பளையில் இருக்கிறாள் என்று நம்புகிற சனம் நாங்கள். வைகாசிப் பொங்கலுக்கு உப்புத் தண்ணீரில் விளக்கெரிகிற கோயில். முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்தை விடிய விடிய ஆடிய ஊர்கள் உண்டு. யாருடைய பெயரையும் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்ல இதை விட என்ன வேண்டும்? எங்கள் பாட்டின் மூன்றாம் பந்தி:

சிலம்பைக் காட்டினான், ஆரும் பாக்கேல்லை
தட்டான் சொன்னது தாளில ஏறிச்சு
வாசிக்கத் தெரியாத தாளில கையெழுத்து
இன்னொரு தவணை, இன்னொரு தவணை

இதைப் பாடிக் காட்டியபோது ஒரு சபைக்காரர், "சிறைக் கதைக்கு ஆட்டப் பாட்டோ தம்பி?" என்று முகம் சுளித்தார். பக்கத்தில் இருந்த பழைய அண்ணாவியார் ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "கூத்தில கோவலன் வெட்டுப்படப் போகேக்கையும் ஆடித்தான் போறான்." எனக்கு வாய் திறக்க வேலையே இருக்கவில்லை.

எங்கே பாடுவது

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும். ஏற்பாட்டாளர் எடுப்பார் என்று இருக்காதீர்கள், கடிதத்தின் பிரதியைக் கையில் வைத்திருங்கள். பொலிஸ்காரர் சிவில் உடையில் வந்து வீடியோ எடுப்பார்கள். எடுக்கட்டும், பாட்டில் பெயர் இல்லை. ஆனால் குழுவில் இருக்கிற ஒவ்வொருவரும் வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும், பதினெட்டு வயதுக்குக் கீழே யாரையும் மேடையேற்றக் கூடாது.

கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் 2017 பெப்ரவரி 20இல் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அப்படியான இடங்களுக்கு அழைக்காமல் கிற்றாரோடு போவது அழகில்லை. அழைத்தால் போங்கள், அந்த அம்மாக்கள் பேசி முடிந்த பிறகு பாடுங்கள், ஒரு பாட்டோடு நிறுத்துங்கள். ஒலியைக் குறைத்து வையுங்கள். அங்கே பேஸ் நெஞ்சில் இடிக்க வேண்டிய தேவை இல்லை. மே தினம், கடன் எடுத்த பெண்களின் கூட்டம், வாசிகசாலை விழா, இவற்றில் தாராளமாக ஏற்றலாம்.

பதிவும், குரலில்லாப் பதிவும்

ஸ்டூடியோவுக்குக் காசு கொடுக்காதீர்கள். காலபோக வெட்டு முடிந்து நெல் மூட்டை அடுக்கிய அறை யாரிடமாவது இருக்கும். மூட்டைகள் எதிரொலியை விழுங்கிவிடும், பேஸ் சுத்தமாக வரும். பாடுகிறவருக்கு முன்னால் மூன்று அடியில் ஒரு ஃபோன், பேஸ் பொக்ஸுக்கு முன்னால் ஒரு ஃபோன். தொடங்க முதல் எல்லோரும் கேட்கிற மாதிரி ஒரு கைதட்டு, பிறகு கணினியில் இரண்டு பதிவையும் அந்தக் கைதட்டில் பொருத்தலாம். ஃபேனை நிறுத்துங்கள், கோழியைத் துரத்துங்கள்.

முதல் பிரதி கதை தந்தவருக்கு. அவர் கேட்டுச் சரி சொன்ன பிறகுதான் ஃபேஸ்புக், வட்ஸ்அப் எல்லாம்.

பாட்டுப் பிடித்த அன்றே, அதே இருப்பில், குரல் இல்லாமல் வாத்தியத்தை மட்டும் இன்னொரு முறை பிடித்து வையுங்கள். ஜமெய்க்காவில் இசைத்தட்டின் மறுபக்கத்தில் இப்படிக் குரலில்லாப் பதிவு வரும், அதற்கு மேல் யூ-ரோய் போன்றவர்கள் தங்கள் கதையைப் பேசினார்கள். எங்கள் குரலில்லாப் பதிவு என்னிடம் இருக்கிறது: ஏ மைனர், 140, நாலு நிமிடம். பெண்குரலுக்குத் தாழ்வாக இருந்தால் டி மைனருக்கு ஏற்றித் தரலாம். முத்தையன்கட்டுப் பக்கமிருந்து ஒரு தம்பி அதை வாங்கிப்போய், யானை அழித்த வயலைப் பற்றி வேறு சொற்கள் போட்டிருக்கிறான். முதல் தட்டில் இன்னும் கிக் விழுகிறது, சொல்லியிருக்கிறேன். வேண்டுமானவர்கள் ஒரு பென்ட்ரைவோடு கடைக்கு வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூட்டு.